கையில் மிஞ்சுவதையும் எண்ணுங்கள்: நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேலைவாய்ப்பு, திறன் பயிற்சி, மகளிர் திட்டம் ஆகிய அலுவலகங்களில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக இலைக் கணக்கு எழுதுவது என் வேலை. சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டு வருகிற பசுந்தேயிலையை எடை போட்டு, நோட்டில் ஏற்றி, ஃபேக்டரி வண்டியில் அனுப்பிவிட்டு, மாதம் முடிந்ததும் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பேன். எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று ஒரு நோட்டு சொல்லும். யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இலை நோட்டில் ஒரு நாள்கூட விடாமல் பெயர் வருகிற பெண்கள் பதினெட்டுப் பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மழை, பனி, காய்ச்சல் எதையும் பார்க்காமல் இலை வெட்டுகிற கத்தரியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள். அந்தப் பதினெட்டில் பதினாறு பேர் கடன் நோட்டிலும் இருக்கிறார்கள். எதற்காகக் கடன் என்று எழுதுகிற இடத்தில் நகை என்றோ, கல்யாணம் என்றோ நான் எழுதியது மிகக் குறைவு. பள்ளிக்கூட ஃபீஸ், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, கேஸ் சிலிண்டர், தேயிலைக்கு உரம், இவ்வளவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வேலை கிடைக்காதவர் ஏழையாக இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வருடம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் ஏன் ஏழையாகவே இருக்கிறார்கள்? இதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

1964 ஜூலையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலைவாய்ப்புக் கொள்கை பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 122-ஆவது உடன்படிக்கை அது. 1998-ல் இந்தியாவும் அதில் இணைந்தது. ஒவ்வொரு அரசும் தன் மக்களுக்கு முழுமையான வேலை, பலனுள்ள வேலை, அவர்களே விரும்பித் தேர்ந்த வேலை கிடைப்பதைக் குறிக்கோளாக வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பலனுள்ள வேலை என்றால் என்ன? உழைக்கிறவரும் அவரை நம்பியிருக்கிற குடும்பமும் வறுமைக்கு மேலே வாழ்கிற அளவுக்கு வருமானம் தருகிற வேலை. மூன்றில் நடுவில் இருக்கிற இந்தச் சொல்லைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை என்று நினைக்கிறேன். வேலை கொடுத்தோமா என்று கேட்கிறோம். அந்த வேலை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதா என்று கேட்பதில்லை.

அதே 1964-ல், அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. என் அம்மா அந்தக் கணக்கில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கோத்தகிரி பக்கம் வந்து சேர்ந்தார். எங்களைப் போல வந்தவர்களுக்காகத்தான் 1968-ல் அரசு தேயிலை நடவு தொடங்கியது. அதுதான் பின்னாளில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. வந்தவர்களுக்கு முதலில் வேலை வேண்டும் என்று யோசித்த ஓர் அரசு அன்றைக்கு இருந்தது. அதற்கு நன்றி சொல்லாமல் நான் மேலே எழுதக்கூடாது.

அம்மாவுக்கு ஒரு தனியார் தோட்டத்தில் இடம் கிடைத்தது. முப்பத்தொரு வருடம் இலை பறித்தார். தோட்டம் கொடுத்த லைன் வீடு, செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர், மாதச் சம்பளம் எல்லாம் இருந்தது. ஆனால் பேர் இருக்கிற வரைக்கும்தான் வீடு. அம்மாவுக்கு வயதாகி வேலை முடியப் போகிறது என்றதும் வீட்டைக் காப்பாற்ற யாராவது ஒருவர் செக்ரோலில் ஏற வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் தம்பி புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஏறினான். நன்றாகக் கணக்குப் போடுகிற பையன். அந்த வருடம் எங்கள் லைனில் இப்படிப் படிப்பை விட்டவர்கள் நாலு பேர். யாருமே வேலை இல்லாதவர்கள் கிடையாது, எல்லார் வீட்டிலும் வேலை இருந்தது. அந்த வேலைதான் அடுத்த தலைமுறையையும் அதே செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தது.

வேறு மாதிரி வேலையும் இந்த மலையில் இருந்திருக்கிறது. 1960-ல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் பற்றிப் பழைய ஆட்களிடம் கேட்டால் முகம் மாறிவிடும். ஃபிலிம் தயாரிக்கத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று தேடி வந்து இங்கே வைத்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள், பென்ஷன் கணக்கோடு ஓய்வு பெற்றார்கள். பிறகு தொழிற்சாலை நஷ்டத்தில் படுத்தது, டிஜிட்டல் கேமரா வந்த பிறகு எழவே இல்லை. கடைசியில் மூடியே விட்டார்கள். இன்னொரு பெரிய தொழிற்சாலை கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தச் சரிவும் காடும் அதைத் தாங்காது. ஒரு வேலை பலனுள்ளதாக இருந்தால் ஒரே தலைமுறையில் ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதை இந்த மாவட்டமே பார்த்திருக்கிறது, அதைத்தான் நினைவூட்டுகிறேன்.

இனி வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றி. என் அக்கா மகள் பி.காம். முடித்தவள். போன வருடம் ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையிலேயே பணி ஆணை கொடுத்து போட்டோ எடுத்தார்கள். கீழே ஒரு ஆடை நிறுவனத்தில் வேலை, மாதம் 14,000 ரூபாய். அக்கா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அங்கே போனதும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 4,200 ரூபாய் பிடித்தார்கள். பி.எஃப். எல்லாம் போகக் கையில் எட்டாயிரத்துச் சொச்சம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். உடம்பு முடியாமல் படுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போக, போனுக்கு, மருந்துக்கு என்று செலவழித்த பிறகு வீட்டுக்கு அனுப்ப என்ன இருக்கும்? ஏழாவது மாதம் திரும்பி வந்துவிட்டாள். வந்தபோது அவள் கையில் இருந்தது 2,300 ரூபாய். ஏழு மாத உழைப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அந்த முகாமின் கணக்கில் அவள் இன்றைக்கும் வேலை பெற்றவள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை. முகாம் நடத்துகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விசாரிக்க வேண்டும் என்று படிவத்தில் ஓர் இடம் இருந்திருந்தால் யாராவது விசாரித்திருப்பார்கள்.

தேயிலைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்த மாவட்டத்தின் வேலையும் வறுமையும் பெரும்பாலும் இந்தச் செடியில்தான் பின்னிக் கிடக்கிறது.

ஓர் ஏக்கர் வைத்திருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரளவு கவனித்தால் வருடத்துக்கு நாலாயிரம் கிலோ இலை வரும், சராசரியாக மாதம் 330 கிலோ. கிலோ 18 ரூபாய் என்று வைத்தால் 5,940 ரூபாய். கத்தரி வைத்துப் பறித்தால் ஓர் ஆள் நாளைக்கு நாற்பது கிலோ பறிப்பார். எட்டு ஆள் வேண்டும், ஆளுக்கு 400 ரூபாய் என்றாலும் 3,200. உரம், களை, மருந்து, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 1,500 என்று குறைத்தே போடுகிறேன். மிச்சம் 1,240 ரூபாய். புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே பறித்தால் அந்த 3,200-ம் வீட்டில் நிற்கும். சரி, ஆனால் அது அவர்கள் கூலி. நிலம் தந்த லாபம் ஆகாது. பட்டா கையில் இருந்தும் சொந்தத் தோட்டத்திலேயே கூலிக்கு நிற்கிறார்கள். 2023-ல் படுகர் விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 பைசா கேட்டு உண்ணாவிரதம் இருந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான்.

விலை ஏன் நிற்பதில்லை என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் சோவியத் யூனியன் நம் தேயிலையை அள்ளிக்கொண்டு போனது. அந்தச் சந்தை போனதும், 1999-க்குப் பிறகு விலை விழுந்ததும் எங்கள் ஊரில் பல வீடுகளைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். மீதி இருந்தவர்கள் கிலோவைக் கூட்டித்தான் பிழைக்க முடியும் என்று கத்தரிக்கு மாறினார்கள். கத்தரி தளிரையும் வெட்டும், முற்றிய இலையையும் வெட்டும், காம்பையும் வெட்டும். கையால் இரண்டு இலை ஒரு மொட்டு பார்த்துப் பறிக்கிற பெண் நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோதான் பறிப்பாள். எடை போடுகிற இடத்தில் இரண்டுக்கும் ஒரே விலை என்றால் அவள் ஏன் கையால் பறிக்க வேண்டும்? இப்படியே இலை தரம் குறைந்து, தூள் தரம் குறைந்து, குன்னூர் ஏலத்தில் விலை குறைந்து, மறுபடி இலைக்கு விலை குறைகிறது.

நாலு கிலோ இலையில் ஒரு கிலோ தூள். 18 ரூபாய் என்றால் ஒரு கிலோ தூளுக்குள் விவசாயியின் இலை 72 ரூபாய்க்கு இருக்கிறது. அதற்கு மேலே கடையில் நாம் கொடுக்கிற விலை வரைக்கும் உள்ள பணம் எங்கே போகிறது? உருட்டுவது, காய வைப்பது, சலிப்பது, தரம் பிரிப்பது, சுவை பார்ப்பது, கலப்பது, பொட்டலம் போடுவது, பெயர் வைத்து விற்பது. இவை எல்லாமே வேலைதான். பறிப்பதைவிட நல்ல சம்பளம் தருகிற வேலை. அதில் பெரும்பகுதி மலையிறங்கிப் போய்விடுகிறது. குனிந்து செய்கிற வேலை மட்டும் இங்கே நிற்கிறது. புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை இருக்கிற மண்ணில் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தேயிலை சுவை பார்த்துத் தரம் சொல்லத் தெரியும்? எனக்கே தெரியாது. பத்தொன்பது வருடம் இலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

எடை போடுகிற இடத்தை ஒரு தடவை பார்த்தால் நான் சொல்வது இன்னும் விளங்கும். சாயங்காலம் நாலு மணிக்குச் சாக்கு சாக்காக வந்து விழும். சாக்கை இறுக்கிக் கட்டியிருந்தால் உள்ளே இலை சூடேறிவிடும். கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். நடுவில் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி கொதிக்கும். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்த இடம் சிவந்து போகும். சிவந்த இலைக்கு ஃபேக்டரியில் பிடித்துக்கொள்வார்கள். மழை நாளில் ஈரக் கழிவு என்று இன்னும் பத்து சதவீதம் போகும். போன ஆவணியில் எழுபதை நெருங்குகிற ஒரு பாட்டி முப்பத்தாறு கிலோ கொண்டு வந்தார். கழிவெல்லாம் போக இருபத்தொன்பது என்று எழுதினேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எழுது தாயி, உன் கையில என்ன இருக்கு” என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே கூரை, காற்றோட்டமாக நாலு தட்டு, இலையை அள்ளிப் போடப் பிளாஸ்டிக் கூடைகள், நேரத்துக்கு வருகிற வண்டி, இவ்வளவு இருந்திருந்தால் அந்த ஏழு கிலோவில் பாதியாவது அவருக்கு மிஞ்சியிருக்கும். காலையிலிருந்து செய்த வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பலன்தான் வழியில் சிந்திவிட்டது.

கேரட் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தம்பி இப்போது தோட்டத்தை விட்டுவிட்டு அதற்குத்தான் போகிறான். ராத்திரி ஒரு மணிக்குப் பிக்கப் வண்டி வரும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பனியில் நனைந்த தழையைப் பிடித்துப் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி ஏற்றினால்தான் காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும். இலை பறிப்பதைவிடக் கூலி அதிகம், அதை மறைக்கவில்லை. ஆனால் மார்கழியில் அவன் விரல் மடங்குவதில்லை. வெந்நீரில் வைத்து வைத்து நீவி விடுகிறாள் அவன் மனைவி. அறுவடை இல்லாத வாரம் வருமானமும் இல்லை. சீசன் வேலையும் இதே கதைதான். ஏப்ரல், மே மாதம் ஹோட்டல்களில் ஆள் கேட்டு வீடு தேடி வருவார்கள், ஜூன் மழை பிடித்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது மலைக்கு நல்லது என்றே நினைக்கிறேன். கூட்டம் குறைகிற நாளில் முதலில் வேலை போவது தினக்கூலிக்காரருக்குத்தான் என்பதையும் அதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதற்கிடையில் பெரிய தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இலை பறிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அம்மாவும் அப்படி ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். இங்கே ஆள் தேவை இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் கீழே போகிறார்கள், அவர்கள் வடக்கே இருந்து வருகிறார்கள். மூன்று ஊரிலும் வேலை இருக்கிறது, வாழ்கிற அளவுக்குக் கூலிதான் எந்த ஊரிலும் இல்லை.

வறுமையே இப்போது இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் தமிழ்நாட்டின் பலபரிமாண வறுமை 2.20 சதவீதம். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறை, மின்சாரம், கேஸ், வங்கிக் கணக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போவது எல்லாம் உண்மையாகவே வந்திருக்கிறது, எங்கள் லைனில் நாங்கள் பார்த்தோம். அந்தக் கணக்கில் வருமானம் ஓர் அளவுகோலாக இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். என் கடன் நோட்டில் இருக்கிற பதினாறு பேருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் பணம் தங்குவதில்லை.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் நம் மாநிலத்துக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று வைத்தார்கள்; நூறு நாளும் கிடைத்தால் வருடத்துக்கு 33,600. இவை எங்களைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டன. வட்டிக்காரர் வாசலுக்குப் போவது குறைந்திருக்கிறது, இதை நோட்டைப் பார்த்தே சொல்கிறேன். இவற்றைக் குறைக்கக் கூடாது. ஆனால் மேலே ஏறுவதற்கு வேலையிலிருந்தே பணம் மிஞ்ச வேண்டும்.

அப்புறம் பயிற்சிகள். எங்கள் ஊரில் தையல் சான்றிதழ் வாங்கிய பெண்கள் முப்பது பேருக்கு மேல். ஓடுகிற மெஷின் இரண்டு. நூற்றிருபது வீடு இருக்கிற ஊரில் எத்தனை பேர் தைக்கக் கொடுப்பார்கள்? அழகுக்கலை, மெழுகுவத்தி, ஊதுபத்தி எல்லாம் வந்து போய்விட்டது. பயிற்சி கொடுத்தவர்கள் அக்கறையோடுதான் கொடுத்தார்கள். வாங்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு எதைக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்திருந்தால் அந்த மூன்று மாதமும் வீணாகியிருக்காது. இந்த மலையின் பொருள்களுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-லும் ஊட்டி வர்க்கிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. தேயிலைத் தரம் பிரிப்பது, சின்ன அளவில் கையால் உருட்டிய தேயிலை செய்வது, காய்கறி பிரித்துப் பொட்டலம் போடுவது, வர்க்கி சுடுவது என்று எங்கள் பெண்களுக்கு எடுத்துக்கொடுத்தால் நாளைக்கே கையில் பிடித்துக்கொள்வார்கள்.

இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் கோத்தகிரியில் உள்ள ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கியது, பழங்குடி மக்களே அதன் பங்குதாரர்கள். தேன், தேன்மெழுகு, சிறுதானியம், காப்பி, மிளகு என்று காட்டிலும் கொல்லையிலும் கிடைப்பதை மூட்டையாக வியாபாரியிடம் கொடுத்துவிடாமல், ஊருக்குள்ளேயே வைத்திருக்கிற மையங்களில் சுத்தம் செய்து, பக்குவப்படுத்தி விற்கிறார்கள். 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது பரிசைவிட அந்த ஏற்பாடுதான். பொருள் மலையிறங்குவதற்கு முன்னாலேயே அதன் மதிப்பு கூடுகிறது, கூடின மதிப்பு கூடை சுமந்தவர் கைக்கே வருகிறது. சிறு தேயிலை விவசாயிகளுக்கு 1965-லிருந்தே இண்ட்கோசர்வ் என்கிற கூட்டமைப்பு இருக்கிறது, அதில் சேர்ந்த கூட்டுறவு ஃபேக்டரிகள் இருக்கின்றன, ரேஷன் கடையில் ஊட்டி டீ இருக்கிறது. புதிதாக அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை. இலைக்குத் தரம் பார்த்து விலை கொடுப்பதை இந்தக் கூட்டுறவு ஃபேக்டரிகளிலிருந்து தொடங்குங்கள். எடை போடுகிற இடத்திலேயே ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும், அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வேலையைச் செய்யவே ஊருக்கு ஒரு படித்த பெண்ணை வைக்கலாம். என் அக்கா மகள் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு ஆள் இல்லையென்றால் அரசே முதல் ஆளாக இருக்கலாம். காலை உணவுத் திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். அந்தச் சமையலுக்கு வேண்டிய காய்கறியையும், மாணவர் விடுதிகளுக்கு வேண்டிய டீத்தூளையும் இந்த மாவட்டக் குழுக்களிடமே வாங்கினால், மாதத்துக்கு இவ்வளவு கட்டாயம் போகும் என்ற நிச்சயம் எங்களுக்குக் கிடைக்கும். அந்த நிச்சயம் ஒன்று இருந்தால் குழுக்கடன் வாங்கி மெஷின் போட எங்கள் பெண்கள் பயப்பட மாட்டார்கள்.

பெண்களின் நேரத்தைப் பற்றி எழுதாமல் முடித்தால் பாதிக் கடிதம்தான். விடியல் பயணம் 2024-ல் மலைக்கும் வந்தது. டிக்கெட் இல்லை, ரொம்பப் பெரிய உதவி. ஆனால் எங்கள் ஊருக்கு முதல் பஸ் ஏழரை மணிக்கு, கடைசி பஸ் ஆறு மணிக்கு. கோத்தகிரியில் ஒரு கடையில் எட்டு மணி நேரம் வேலை என்றால்கூடக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். தவறவிட்டால் மூன்று கிலோமீட்டர் நடை. அந்த வழியில் பொழுது சாய்ந்தால் காட்டெருமை நிற்கும், கரடி இறங்கும். எங்கள் குழுவில் ஒருத்தி துணிக்கடை வேலையை விட்டது இதனால்தான். அவளுக்கு வேலையும் கிடைத்தது, சம்பளமும் பரவாயில்லை. ஒரு பஸ் ஒரு மணி நேரம் தள்ளிப் புறப்பட்டிருந்தால் அவள் இன்றைக்கும் அங்கே இருப்பாள். கைக்குழந்தைக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். தோட்டத்தில் அம்மா வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பரா இருந்தது; 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதற்கு வழி வைத்தது. சிறு தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண் பிள்ளையை எங்கே விடுவாள்? செடிக்கடியில் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டுப் பறிக்கிறார்கள். அங்கன்வாடி இன்னும் இரண்டு மணி நேரம் திறந்திருந்தால் நாளைக்குப் பத்து கிலோ கூடப் பறிப்பேன் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

நான் கேட்பது பெரிய பணம் செலவாகிற விஷயங்கள் இல்லை. முகாமில் வேலை பெற்றவர்களை மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும், ஒரு வருடம் கழித்தும் ஃபோனில் கூப்பிட்டு, இன்னும் அங்கே இருக்கிறாயா, பிடித்தம் எல்லாம் போகக் கையில் என்ன வருகிறது, வீட்டுக்கு என்ன அனுப்புகிறாய் என்று கேளுங்கள். கேட்டதை வட்டவாரியாக வெளியிடுங்கள். 2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர் இருந்த மாவட்டம் இது. மாநிலத்தில் பல மாவட்டங்களைப் பார்க்க நாம் சின்னவர்கள். கூப்பிட்டு விசாரிக்க முடியாத அளவுக்கு ஆள் இல்லை. எந்த நிறுவனத்துக்குப் போனவர்கள் நிற்கிறார்கள், எந்த நிறுவனத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்புகிறார்கள் என்பது இரண்டே வருடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். நின்றவர்கள் போன நிறுவனங்களை மட்டும் அடுத்த முகாமுக்கு அழைக்கலாம். தேயிலைக் கொட்டகையும் பஸ் நேரமும் அங்கன்வாடியும் வேறு வேறு துறை என்பது எனக்குத் தெரியும். ஆட்சியர் அவர்கள் கூப்பிட்டால் அத்தனை துறையும் ஒரே அறையில் உட்காரும், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்கா மகள் இப்போது என்னோடு இலைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். “சித்தி, இன்னொரு முகாம் வைக்கப் போகிறார்களாமே, போய்ப் பார்க்கட்டுமா?” என்று போன வாரம் கேட்டாள். போ என்றுதான் சொன்னேன். அவள் ஃபைலில் பி.காம். சான்றிதழுக்கு அடியில் போன வருடத்துப் பணி ஆணையும் இருக்கும். தயவுசெய்து அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் பின்பக்கத்தில் ஏழு மாதத்துக் கணக்கையும் அவளே எழுதி வைத்திருக்கிறாள், வரவு ஒரு பக்கம், பிடித்தம் ஒரு பக்கம்.

இப்படிக்கு,
இலைக் கணக்கு எழுதும் ஒருத்தி,
கோத்தகிரி வட்டம்.